பெற்றோல் மூடி

மழை விட்டு, பிலிமத்தலாவையின் பழைய உதிரிப்பாகக் கடை வாசலில் வெயில் பால்போல் விழுகிறது. ஈரத்தரையில் பெற்றோல் வானவில்லாக மிதக்கிறது. நாளை சுகந்தினிக்குக் கல்யாணம். கோயிலுக்கு, வாசலில் நிற்கும் இந்த மொறிஸ் மைனர் காரைத் தானே ஓட்டிப் போக அவளுக்கு ஆசை. மூடி தொலைந்த பெற்றோல் டாங்கி வாயில் துணியை அடைத்துக்கொண்டு மலை ஏறக்கூடாது என்கிறார் அப்பா. கடைக்காரர் லாபிர் நானா தந்த மூடிகள் ஒவ்வொன்றாக வழுக்கிக் கையோடு வருகின்றன. மருதாணி விரல்களில் துரு ஒட்டுகிறது. "இதையும் வச்சுப் பாருங்க தங்கச்சி," என்று தகரப் பேணியின் அடியிலிருந்து இன்னொன்றை நீட்டுகிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டு திருகுகிறாள். 'டக்' என்று மெல்லிய சத்தம். கையை எடுக்க மனமில்லாமல் நிற்கிறாள். "அப்பா, இறுகிருச்சு." அப்பா சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சுற்றிப் போய் இடது பக்கம் ஏறிக்கொள்கிறார்.