புருவத்தின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

நூலின் ஒரு நுனி பல்லில். மீதி இரண்டு கைவிரல்களிலும் சுற்றியிருந்தது.

புருவம் எடுத்துக்கொள்ள நாற்காலியில் சாய்ந்திருந்த தாரிணிக்கு நாளைக் காலை முகூர்த்தம்.

தாரிணியின் புருவத்தின் மேல் நூல் துண்டு ஒன்று கிடந்தது. பார்லர்க்காரி சுண்டுவிரலால் தட்டிவிட்டாள்.

போகவில்லை.

மறுபடியும் தட்டினாள்.

“அக்கா, அங்க ஒண்ணுமே இல்லீங்க” என்றாள் தாரிணி.

பார்லர்க்காரி விரலை எடுத்துக்கொண்டாள்.

பதினைந்து நாளைக்கு முன்பு அவள் வலது கண்ணில் லேசர் வைத்தார்கள். உள்ளே அழுத்தம் ஏறிக் கிடந்ததாம், விட்டால் பார்வையே போய்விடுமாம். மேல் இமைக்கு அடியில், கருவிழியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாக வெளிச்சம் கசிந்து, சிலருக்கு இப்படி நூல்போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும், போகப் போகப் பழகிவிடும் என்றார் டாக்டர். விரலால் இமையைச் சற்றுத் தூக்கியும் காட்டினார். கோடு மறைந்தது. விட்டதும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கண் தப்பியதே பெரிது. அதில் அவளுக்குக் குறையில்லை.

ஆனால் கோடும் வெள்ளை, நூலும் வெள்ளை. கறுப்பு நூல் புருவத்தோடு கலந்துவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் நூல் தோலுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதென்று பிடிபடாது.

முந்தாநாள் பக்கத்துக் கடைத் தையல்காரி சரசுவின் புருவத்தில் அந்தக் கோட்டையே நூலென்று நம்பி, இருந்த முடியையும் சேர்த்து இழுத்துவிட்டாள். அரிசி அளவுக்கு ஒரு சொட்டை. சரசு சிரித்துக்கொண்டே பென்சிலால் தீட்டிக்கொண்டு போனாள்.

கல்யாணப் பெண்ணிடம் அந்தச் சிரிப்பை எதிர்பார்க்க முடியாது.

இருபத்தாறு வருடத்தில் பொள்ளாச்சியில் அவள் கை படாத புருவம் குறைவு. கண் சரியில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்வதைவிடக் கடையைப் பூட்டிவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை.

வேறு பார்லருக்கு அனுப்பிவிடலாமா?

எவளோ ஒருத்தி இந்தப் புருவத்தை வில்லாக வளைத்து வைப்பாள். இந்த முகத்துக்கு அது ஆகாது. எத்தனை முடி எடுக்க வேண்டுமென்று இவள் கைக்குத் தெரியும். கையில் ஒரு பழுதும் இல்லை.

பல்லிலிருந்து நூலை விட்டாள்.

லேசர், கோடு, இமையைத் தூக்கினால் அது மறைவது, சரசுவின் புருவம், எல்லாவற்றையும் சொன்னாள். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், வருத்தப்பட மாட்டேன் என்றும் சொன்னாள். அது மட்டும் பொய்.

தாரிணி கண்ணாடியில் தன் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மறுபடி சாய்ந்தாள். எல்லோரும் செய்வதுபோலத் தன் புருவத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், இடது கையால் மட்டும்.

வலது கை மேலே வந்தது. மருதாணி மணக்கும் விரல் ஒன்று பார்லர்க்காரியின் வலது இமையைத் தொட்டு, மெல்லத் தூக்கியது.

கோடு இல்லை.

ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

நூல் பல்லுக்குத் திரும்பியது. கை தன்பாட்டில் ஓடியது.

நேரமாகிறதே என்று தாரிணியின் அம்மா திரையை விலக்கினார். யார் யாருக்குப் புருவம் எடுக்கிறார்கள் என்று புரியாமல் நின்றார்.

பார்லர்க்காரியின் வாயில் நூல் இருந்தது.

“கொஞ்சம் இரும்மா” என்றாள் தாரிணி, விரலை எடுக்காமல். “நாங்க வேலையா இருக்கறோம்.”