வெள்ளரிக்காய் வைத்தியர்

"முட்டையோட ரொட்டியை வெச்சியா? ரெண்டும் சேந்தா செரிக்காதுன்னு வைத்தியர் அனுப்பியிருக்காருல்ல?"

தட்டு பறந்து வந்து அவள் புருவத்தைக் கிழித்தது. மூட்டை தூக்கும் கை அவள் புருஷனுடையது. ஓர் அறை விழுந்தால் அன்று முழுக்கக் காது இரையும்.

செல்போனில் செய்தி அனுப்பும் அந்த வைத்தியர் சொல்வதுதான் புருஷனுக்கு வேதவாக்கு. கறியோடு கிழங்கு சேராது என்றார், பாலோடு பழம் சேராது என்றார். பிறகு கறி, முட்டை, ரொட்டி என்று ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார். வயிறு லேசாகிவிட்டதென்று அவனுக்கு ஒரே பெருமை. மாதங்கள் ஓடி, கடைசியில் வெள்ளரிக்காய்தான் மிஞ்சியது. அடி மட்டும் நிற்கவே இல்லை.

இன்று வெள்ளரிக்காயில் உப்பு பட்டுவிட்டது.

"உப்பையா சேத்த, சனியனே!" என்று கையை ஓங்கினான்.

முதல் முறையாக அவள் அந்தக் கையைப் பிடித்தாள். சுள்ளி மாதிரி இருந்தது. ஒரே முறுக்கு. மளுக்கென்று எலும்பு முறிய, அவன் அலறிக்கொண்டு தரையில் சுருண்டான்.

அவள் செல்போன் அடித்தது. தங்கை.

"அக்கா, வைத்தியர் பேர்ல மாமாவுக்கு இன்னிக்கு எதை நிறுத்தச் சொல்லி அனுப்பட்டும்?"

"போதும்டி. இனிமே எல்லாத்தையும் கலந்தே சாப்பிடச் சொல்லு. எப்படியும் நான்தானே ஊட்டணும்."