எட்டு பேட்டரி

'பூம்' என்று ஊதிக்கொண்டு சுவா நகரத்துப் படகு தீவின் கரை சேர்ந்தது. அதிலிருந்து இறங்கிய நாலு புது சோலார் பேட்டரிகளும் நேராக இலியேசா வீட்டுக்குப் போயின. பார்த்துக்கொண்டிருந்த ஜோசபாவுக்கு வயிறு எரிந்தது. இலியேசா அவனுக்கு அத்தை மகன். சிறு வயதிலிருந்தே போட்டி.

"ஏற்கெனவே நாலு இருக்கு. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எட்டு பேட்டரியா?"

"அவங்க கூரை, அவங்க வெயில். உங்களுக்கென்ன?" என்றாள் மனைவி லித்தியா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

ஜோசபா விறுவிறுவென்று அங்கே போனான்.

"என்ன மச்சான், சூரியனையே கட்டி வைக்கப் போறியா?"

"பழசு நாலும் ஃப்ரீசரைத் தாங்கலே மச்சான். விடியறதுக்குள்ள உயிரை விட்டுடுது," என்றான் இலியேசா, ஒயரை முறுக்கியபடி.

"வீட்ல எதுக்கு ஃப்ரீசர்? நான் பிடிக்கிற சூரை மீனெல்லாம் மீனவர் சங்கத்து ஐஸ் பெட்டியிலதான் வைக்கிறா லித்தியா. சுவா சந்தையில அதுக்குத்தான் முதல் விலை!"

இலியேசா சிரித்தான். அந்தச் சிரிப்பு ஜோசபாவுக்குப் பொறுக்கவில்லை. சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்தத் தீவில் கிடையாது. கேட்டேவிட்டான்.

"அதுல ரெண்டு எனக்கு வேணும், மச்சான்."

இலியேசா மறுபேச்சில்லாமல் ஒயரைக் கழற்றி, இரண்டு பேட்டரிகளை அவன் காலடியில் வைத்தான்.

"எடுத்துக்கோ. ஆனா, உனக்கு முன்னாடியே லித்தியா வந்து இடம் கேட்டுட்டா. சங்கத்து ஐஸ் பெட்டி கெட்டுப்போய் மூணு மாசமாச்சு. உன் மீனெல்லாம் என் ஃப்ரீசர்லதான் கிடக்கு, மச்சான்!"