ஆறாவது துண்டம்

"ஒரே இனம்தான்!"

"ரெண்டு இனம், மச்சான். கண்ணத் திறந்து பாரு!"

ஏறாவூரில் ஹமீட் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை தவறினாலும் இந்தச் சண்டை தவறாது. எதற்குச் சண்டை? காணிக்கா, வரம்புக்கா? இலையில் கொப்புளம் கட்டி உள்ளே குடியிருக்கிற அழுக்கணவன் பூச்சிக்கு! ஹமீடும் கோணாமலையும் விவசாயக் கந்தோரில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஓய்வு பெற்றும் பூச்சி அவர்களை விடவில்லை. ஹமீடுக்கு அது ஒரே இனம், கோணாமலைக்கு இரண்டு.

கோணாமலை கிரானிலிருந்து சைக்கிளில் வருவார், பை நிறையக் கொப்புள இலையோடு. வழியெல்லாம் சென்றி, ஆமிக்காரரின் சோதனைச் சாவடி. கலவரத்துக்குப் பிறகு தமிழர் இந்த முஸ்லிம் ஊருக்கு வருவதும் முஸ்லிம்கள் கிரான் போன்ற தமிழ் ஊருக்குப் போவதும் நின்றுபோன காலம் அது.

ஹமீடின் மனைவி கைறுன்னிஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் விலங்கியல் டீச்சர். காலையில் அவர் குளிக்கப் போன நேரம் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டாள். ஒரு பூச்சிக்கு உணர்கொம்பில் ஐந்து துண்டம், மற்றதுக்கு ஆறு. பச்சைப் பிள்ளையும் சொல்லும், இரண்டு இனமென்று! தோற்றேன் என்று சொல்ல இந்த மனிசனுக்கு வெட்கம். அதற்காக ஒரு பாவப்பட்ட சீவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் வருவதா? சென்றியில் ஒருநாள் ஏதும் ஆகிவிட்டால்?

ஹமீட் தொழ உள்ளே போனதும் பிடித்துக்கொண்டாள்.

"கோணாமலை அண்ணன், நானும் பாத்தன். நீங்க சொல்றதுதான் சரி. அவருக்கும் அது தெரியாமலா இருக்கும்? வீம்பு! இனி இதுக்காக இவ்வளவு தூரம் அலையாதீங்க."

கோணாமலை பதறிப்போனார். "மெல்லக் கதைங்க தங்கச்சி! அவன்ட காதில விழுந்திரும்."

"விழட்டுமே!"

"அவனுக்குத் தெரியுமெண்டு எனக்கு எப்பவோ தெரியும்."

"மறுகா என்னத்துக்கு இந்தச் சண்டை?"

"சென்றியில எங்க போறாயெண்டு கேப்பானுகள். பூச்சி ஆராய்ச்சி இன்னும் முடியல்லயெண்டு இலையக் காட்டுவன், விடுவானுகள். எங்கட ஊருக்குள்ளயும் அதே பதில்தான். ஹமீட் ஒருக்கா ஓமெண்டு சொல்லிட்டா ஆராய்ச்சி முடிஞ்சுது. பிறகு அவனப் பாக்க என்னத்தச் சொல்லி வாற?"

கைறுன்னிஸாவுக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ, இரண்டு பேர் மீதும் அப்படியொரு பாசம் வந்தது.

ஹமீட் திரும்பி வந்து கதிரையில் சாய்ந்தார். "என்ன மச்சான், தோல்விய ஒத்துக்கொள்றியா?"

கோணாமலை வாய் திறக்குமுன் கைறுன்னிஸா நுணுக்குக்காட்டியை இழுத்துக் கண்ணை வைத்தாள். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை முழங்காலில் நிறுத்துகிற டீச்சர் அவள்.

"ரெண்டு பேரும் பிழை," என்றாள். "எனக்கென்னவோ மூணாவது இனமொண்டும் இருக்கிற மாதிரித் தெரியுது. அண்ணன், வாற கிழமை இன்னும் கொஞ்சம் இலை கொண்டாங்க."