ஒரே பையன்

“வாத்தியாரே, அந்தப் பழைய ஜனக்கணக்கை எடுத்துப் படிங்க. இவன் எந்தம்பியா இல்லையான்னு ஊருக்கே தெரியட்டுமுங்க!”

பொங்கியண்ணன் போட்ட சத்தத்தில் கட்டுத்தறியில் படுத்திருந்த எருது எழுந்து நின்றுவிட்டது.

அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்த பிறகு, தம்பி குப்பண்ணன் தன் பங்குக்குப் பாதிக் காட்டைக் கேட்டான். கேட்டது தப்பாம்! “நீ ஆத்தா எடுத்து வளத்த பையன், உனக்கேது பங்கு?” என்று அடித்துப் பேசினான் அண்ணன்காரன். ஆத்தாள் கொல்லங்கோட்டுத் தாய்வீட்டிலிருந்து தூக்கி வந்த பிள்ளை குப்பண்ணன். பெற்றதைப் பார்த்தவர் இந்த எருத்தேன்பதி ஊரில் ஒருவரும் இல்லை. அதனால்தான் இன்று வாசலில் பஞ்சாயத்து.

“எப்படிப்பா இவ்வளவு உறுதியாச் சொல்றே?” என்று கேட்டார் சுப்பராய வாத்தியார். 1921இல் இந்த ஊரைக் கணக்கெடுத்தவர் அவர்தான். நகல் ஒன்றை இன்னும் வைத்திருந்தார்.

“நீங்க கேட்டப்ப, ‘எனக்கு ஒரே பையனுங்க’ன்னு எங்கப்பன் சொன்னாரு. எங்காதால கேட்டனுங்க. பொய்யே பேசாத மனுசன்! இவனும் அன்னைக்கு இங்கதான் ஓடித் திரிஞ்சான். பெத்த புள்ளையா இருந்தா ரெண்டுன்னு சொல்லியிருப்பாரில்லீங்களா?”

ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். குப்பண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. காடு போனால் போகிறது, ஆத்தாளே தன் ஆத்தாள் இல்லையா?

“வாத்தியார் படிக்கிறதுக்குக் கட்டுப்படுவியா?” என்றார் ஒரு பெரியவர்.

“கட்டுப்படறனுங்க! அதுல பேர் இல்லாதவனுக்கு ஒரு புடி மண்ணு கெடையாது!”

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“ஆண் பிள்ளை ஒன்று.”

“பாத்தீங்களா!” என்று துள்ளினான் பொங்கியண்ணன்.

“பெயர் குப்பண்ணன். வயது மூன்று.”

“அதெப்படீங்க? அப்ப நானு?”

“உன்னை நான் அன்னைக்குப் பார்க்கவே இல்லையேப்பா. எங்கே நின்னு கேட்டே?”

பொங்கியண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவன் பெண்டாட்டி நாச்சம்மாள் உள்ளேயிருந்து தலையை நீட்டினாள்.

“ஏனுங்க, மறந்துட்டீங்களா? ஆள் எண்ண வர்றவங்க எளவட்டங்களைப் பட்டாளத்துக்குப் புடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு, மாமா உங்களைச் சோளத்தட்டுப் போருக்குள்ள ஒளிச்சு வெச்சாருன்னு நீங்கதான சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க?”

வாசல் முழுக்கச் சிரிப்பு. பொங்கியண்ணன் மட்டும் தரையைப் பார்த்தான். அவன் கொடுத்த வாக்குப்படி காடு மொத்தமும் தம்பிக்கு!

குப்பண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“பாதிக் காட்டை அவருக்கே குடுத்தறலாமுங்க. என்ன இருந்தாலும் எங்காத்தா எடுத்து வளத்த பையனாச்சுங்களே!”