பிடியில் ஒரு கோடு

கண்ணியை இறுக்கியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

கோடு போடவில்லை.

திரையில் செல்லத்தங்கத்தின் பெருங்குடல். மடிப்பின் மேல் படர்ந்த கட்டி. அடியில் ஊசி போட்டு, நீல மருந்தால் அதை மேடாக்கியிருந்தார்கள். மேட்டைச் சுற்றிக் கம்பிக் கண்ணி. கண்ணியின் பிடி, உதவிக்கு நின்ற அவன் கையில்.

டாக்டர் கதிரேசனின் கால் கரண்ட் பெடலுக்கு மேலே. மிதித்தால் கம்பியில் கரண்ட் பாய்ந்து கட்டி அறுபடும்.

புதுக் கண்ணியை வெளியிலேயே ஒருமுறை முழுக்க மூடிப் பார்க்க வேண்டும். பிடி எங்கே நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு. உள்ளே இறுக்கும்போது கோட்டுக்கு வெகுமுன்பே நின்றுவிட்டால், கட்டியோடு குடல் சுவரும் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது கரண்ட் விட்டால் ஓட்டை.

பேனாவைச் செல்லத்தங்கத்திடம் கையெழுத்துப் போடக் கொடுத்திருந்தான். அது அந்தப் படிவத்திலேயே செருகிக் கிடக்கிறது.

"வயித்தக் கிழிக்காம எடுத்துருவியல்லா, ஐயா?" என்று கேட்டிருந்தாள்.

தலையாட்டியிருந்தான்.

"கோடு வந்துட்டாடே?"

போன மாதம் இதே தவறுக்கு, உதவிக்கு நின்ற ஒருத்தியை மதியத்துக்குள் வேலையை விட்டே வீட்டுக்கு அனுப்பியவர் டாக்டர்.

"வரல, சார்."

கோடே இல்லாமல், பயத்தில் சொன்னது.

டாக்டர் கண்ணியைச் சற்றே தளர்த்தச் சொன்னார். குடலுக்குள் விட்டிருந்த கேமராக் குழாயை அசைத்துத் தூக்கினார். கம்பிக்குள்ளிருந்து வெளிறிய சதை ஒன்று நழுவி விலகியது.

குடல் சுவர்.

"பாத்தியா? இதுக்குத்தாம்டே கோடு போடுங்கேன். இப்ப இறுக்கு."

இறுக்கினான். பிடி நின்றது.

சரியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கைக்குத் தெரியவில்லை. போன தடவையும் தெரியவில்லை.

இன்னொரு முறை 'வரல' என்றால் டாக்டர் கண்ணியை உருவிவிடுவார். ஆபரேஷனுக்கு எழுதிவிடுவார். வயிறு கிழியும்.

'வந்துட்டு' என்றால் கால் இறங்கும்.

செல்லத்தங்கம் மயக்கத்தில் ஏதோ முனகினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

இடது கையால் பிடியை மூடிக்கொண்டிருந்தான். கோடு இருக்க வேண்டிய இடத்தை.

"என்னடே, வாயில கொழுக்கட்டையா? வந்துட்டா, இல்லியா?"

இடது கையை எடுத்தான்.

பிடியை அவர் பக்கம் திருப்பினான்.

வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக்.