மீன் முள்

அகபா துறைமுகத்தில் மீன் விற்கும் முத்லக்கின் வலது கை பன் ரொட்டி போல வீங்கியிருந்தது. அவசரப் பிரிவில் டாக்டர் சுஹைர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன குத்திச்சு?"

"மீன் முள்ளு, டாக்டரம்மா."

"முள்ளு விரல் முட்டியிலயா குத்தும்? எந்தக் கிருமின்னு தெரியாம மருந்து குடுத்தா விரலையே எடுக்க வேண்டி வரும். உண்மையச் சொல்லுங்க."

"மீன் முள்ளுதாங்க."

அவனைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்த அவ்வாத், தலைத்துணியால் வாயை மூடியபடி கண் கலங்கி நின்றான்.

"நீங்களாவது சொல்லுங்க. கூடப்பிறந்தவரா?"

இல்லையென்று தலையாட்டினான்.

"அவர விட்டுருங்க" என்றான் முத்லக். "முந்தாநாள் பெரியவங்க முன்னால ஒருத்தரோட சமாதானக் காப்பி குடிச்சேன். குடிச்சாச்சுன்னா நடந்ததப் பத்தி மூச்சு விடக்கூடாது. விரல் போனாலும் சரி, குடுத்த வாக்கு போகக்கூடாது."

அவ்வாத் மெல்லத் துணியை விலக்கி, டாக்டரைப் பார்த்து 'ஈ' என்று இளித்தான்.

முன்பற்கள் இரண்டைக் காணோம்.

சுஹைர் சீட்டில் 'மீன் முள்' என்றே எழுதிவிட்டு, மனிதப் பல் பட்ட காயத்துக்கான ஊசியை எடுத்தார்.